விழுங்காதவர்

சிப்ஸ் ஆலையில் அவருக்கு நாக்கு என்று பெயர். முகத்துக்கு நேரே 'சார்' போடுவார்கள். முதுகைத் திருப்பினால், "நாக்கு வந்தாச்சா? நாக்கு என்ன சொல்லுது?" என்றுதான் பேச்சு. அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கிழங்கைச் சீவ ஆள் இருந்தார்கள், எண்ணெயைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். மேலே தூவுகிற பொடி சரியா தப்பா என்று சொல்ல ஒரே ஒரு நாக்குதான் இருந்தது.

அவருடைய அறை ஆலையின் கோடியில் இருந்தது. வறுக்கும் வாசனை எட்டாத இடமாகப் பார்த்து ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளை ஓடு பதித்த சுவர், ஒரு மேசை, ஒரு கைகழுவும் தொட்டி, வெதுவெதுப்பான நீர், வெள்ளரித் துண்டுகள், மூடி போட்ட ஒரு டம்ளர். பொடி தூவும் டிரம்மை ஓட்டுகிறவர் தட்டில் சிப்ஸ் கொண்டுவந்து வைப்பார். இவர் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக் கடித்து, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, டம்ளரில் துப்பிவிடுவார். பிறகு வாயைக் கொப்பளித்து, வெள்ளரியைக் கடித்து நாக்கைச் சுத்தம் செய்துகொண்டு அடுத்த தட்டுக்குப் போவார். விழுங்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். விழுங்கினால் வாய் களைத்துவிடும். உப்பு எது, புளிப்பு எது என்று பிரித்துச் சொல்லாது.

நாக்குதான் மூலதனம் என்பதால் அதை அவர் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்டார். புகை, வெற்றிலை, காப்பி எதையும் தொட்டதில்லை. வீட்டிலும் காரம் சேர்ப்பதில்லை. வேகவைத்த காய், பழம், உப்பில்லாத பருப்பு, கொஞ்சம் சோறு, எல்லாம் நேரத்துக்கு நேரம் வேண்டும். "எங்க வீட்டுல ஒரு முயல் வளக்கிறேன்" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். நடுவயதிலும் தட்டையான வயிறு, படுத்தால் தூக்கம், காலையில் எழுந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆரோக்கியத்துக்கு என்ன ரகசியம் என்று யாராவது கேட்டால், "கட்டுப்பாடுதான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். தான் செய்வதைத் தான் விழுங்குவதில்லை என்பதும் அந்த ரகசியத்தில் ஒரு பங்கு என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

துப்புகிற நாக்குக்கு ஒரு குறை உண்டு. முதல் கடியின் ருசியை அது துல்லியமாகச் சொல்லும். ஆனால் பாக்கெட்டை விற்பது முதல் கடி இல்லை. ஒன்றைத் தின்றவன் கை, அவனைக் கேட்காமலே அடுத்ததற்கு எப்படிப் போகிறது என்பதுதான் வியாபாரம். அது விழுங்குகிறவர்களுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் வெளியாட்களை வரவழைத்து, உட்காரவைத்து, தின்னச் சொல்லிப் பார்ப்பார்கள். வீண் செலவு என்று மேலாளர் அதை நிறுத்திவிட்டார். "நாக்கு ஒண்ணு இருக்கும்போது ஊர்வாய் எதுக்கு?" என்றார். பாராட்டுத்தான், ஆனால் இனி பொடி தப்பினால் பழி முழுக்கத் தன் தலையில்தான் என்பது நாக்குக்குப் புரிந்தது.

அன்று மாலை பெயர் அச்சிடாத ஒரு வெள்ளிப் பையை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்துவந்தாள். முன்னறை ஜன்னலோரம் மெஷின். திரைச்சீலை, பள்ளிச் சீருடை, பழுதுபட்ட ஜிப், நீளம் குறைக்கவேண்டிய கால்சட்டை என்று எப்போதும் ஒரு குவியல் பக்கத்தில் கிடக்கும். துணியில் எண்ணெய்க் கறை பட்டால் தொலைந்தது என்பதால் மெஷினில் இருக்கும்போது கையால் எதையும் எடுத்துத் தின்ன மாட்டாள்.

"இந்தாம்மா, ஆலையில மிஞ்சினது. கொட்டப் போறாங்கன்னாங்க, மனசு வரல" என்று நீட்டினார்.

"ஐயோ, என் கையெல்லாம் எண்ணெயாயிடும். அந்தக் கொடியில கிடக்கிற கிளிப்பை எடுங்க."

துணி உலர்த்தும் மரக் கிளிப்பால் ஒரு சிப்ஸைக் கவ்வி வாயில் போட்டுக்கொண்டாள். கிளிப் டக்கென்று மூடியது. "எப்படி என் மூளை?" என்று சிரித்தாள். மெஷின் மறுபடி ஓடியது. நாக்கு பக்கத்து அறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். மெஷின் சத்தம், ஒரு நிறுத்தம், டக். மறுபடி மெஷின் சத்தம், ஒரு நிறுத்தம், டக். செய்தித்தாள் மடியில் சரிந்ததுகூடத் தெரியாமல் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஆலை செலவழித்துத் தேடியது சுவருக்கு அந்தப் பக்கம் இலவசமாக ஒலித்துக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாலையில் ரேடியோவைக்கூட நிறுத்திவிடுவார். ஒரு நாள் ஒரு பொடி, மறுநாள் இன்னொரு பொடி. டக் டக்கென்று நெருங்கி விழுந்தால் பொடி சரி. நடுவில் தண்ணீர்க் குவளை எடுக்கும் சத்தம் கேட்டால் உப்பு மிஞ்சிவிட்டது. கிளிப் பையின் அடியைச் சுரண்டினால் அவருக்கு வெற்றி. மறுநாள் டிரம்காரரிடம் போய், "நேத்து ரெண்டாவதா போட்டதுதான். அதையே போடுங்க" என்பார்.

"எப்படி சார்? துப்பிட்டே இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

நாக்கு புன்னகையோடு நிறுத்திக்கொள்வார். மனைவியிடமும் சொல்லவில்லை. சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் தின்கிறவர் வாய் பொய் சொல்லும் என்பது அவர்கள் தொழிலில் எல்லாரும் அறிந்தது. ஆரம்பத்தில் அதனால்தான் சொல்லவில்லை. பிறகு சொல்லாததே பழகிப்போயிற்று.

வருடங்கள் போயின. அந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு எப்போது காணாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் மனைவி அவருக்குத் தனியாக, தனக்குத் தனியாகச் சமைப்பாள். அவருடைய காயை வேகவைத்து இறக்கிய பிறகு தனக்கென்று இன்னொரு அடுப்பு பற்றவைக்க அலுப்பாக இருந்தது. மதியம் கையில் வேலை இருக்கும்; பக்கத்தில் பை இருக்கும். "பசிக்கவே இல்லைங்க, வயிறு என்னமோ நிறைஞ்ச மாதிரியே இருக்கு" என்பாள். நிறைந்துதான் இருந்தது, உப்பாலும் எண்ணெயாலும். மாலையில் அவர் கொண்டுவரும் பை பெரும்பாலும் அன்றே தீரும்; தீராத நாளின் மிச்சம் மறுநாள் மதியத்துக்கு ஆகும்.

முதலில் வயிறு உப்பிசம். பிறகு ஏப்பம், நெஞ்செரிச்சல். காலைக்கடன் நாள் கணக்கில் தள்ளிப்போகும். போகாத நாளெல்லாம் தலைவலி, யாரைக் கண்டாலும் எரிச்சல். இரவில் புரண்டு புரண்டு படுத்து, விடிந்தபின் அசதியோடு எழுந்திருப்பாள். உடம்பு பெருத்தது, பலம் குறைந்தது. கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்து நிற்கும். வாயில் புண். சீப்பில் கொத்தாக முடி. மாலை நேரத்தில் அக்காவோடு பூங்காவைச் சுற்றி வருகிற பழக்கம் இருந்தது. "மூச்சு வாங்குதுடி, நீ போயிட்டு வா" என்று அதையும் விட்டாள். கோணாமல் ஓடும் அவள் தையல் அங்கங்கே கோண ஆரம்பித்தது.

நாக்கு நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் நிற மருந்து வாங்கிக் கொடுத்தார். அது தீர்ந்தால் இன்னொரு பாட்டில். "வயசாகுதில்ல?" என்றார். ஒரு நாள், கடையில் சில்லறை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக, "நாள் பூரா உக்காந்தே இருந்தா அப்படித்தான் ஆகும்" என்றும் சொன்னார். அந்த வாக்கியம் பின்னாளில் அவரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆனால் அவர் செய்த பெரிய தப்பு அதுவுமில்லை.

அந்தச் சமயத்தில் எலுமிச்சையும் மிளகும் கலந்த ஒரு புதுப் பொடி சோதனையில் இருந்தது. மாலையில் கேட்டால் கிளிப் சத்தம் இடைவெளி விட்டு, அருகி விழுந்தது. ஒரு டக். நெடுநேரம் மெஷின். மறுபடி ஒரு டக். எப்போதும் சுரண்டப்படும் பை பாதியோடு மடித்து வைக்கப்பட்டது. நாக்கு யோசித்தார். அவருக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அது தப்பாகக் காட்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. பொடியில் எடுப்பு போதவில்லை என்று முடிவு கட்டினார். மறுநாள் புளிப்பைக் கூட்டச் சொன்னார். சத்தம் இரண்டு நாள் நெருங்கியது, மறுபடி அருகியது. உப்பையும் ருசி தூக்கும் தூளையும் ஏற்றினார். இன்னும் கொஞ்ச நாள் நெருங்கியது. பிறகு மறுபடி அருகியதும் மறுபடி ஏற்றினார்.

"சார், இந்தப் பொடி கையில பட்டாலே எரியுது" என்றார் டிரம்காரர்.

"கையால யாரு தின்னப் போறா?" என்று நாக்கு கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வயிறு எரிகிற ஒருத்தி தின்னத் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை அவர் பொடியின் குறையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, எரிகிற இடத்திலேயே இன்னும் கொட்டினார். எலுமிச்சை மிளகு கடைக்குப் போயிற்று. ஊரே போட்டி போட்டுக்கொண்டு வாங்கியது. மேலாளர் எல்லாரையும் கூட்டி வைத்து அவரைத் தட்டிக்கொடுத்தார்.

ஒரு விடுமுறை நாள், மனைவியின் அக்கா வந்தாள். வாய்க்குப் பூட்டே இல்லாதவள். உள்ளே நுழைந்ததும் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, உன்னை யாராவது பம்பு வச்சு அடிச்சாங்களா?"

"போக்கா."

"தம்பியைப் பாரு, கீரைக்கட்டு மாதிரி நிக்கிறாரு. ஒரே அடுப்பு, ஒரே வீடு. நீ மட்டும் எப்படிடி பொங்கின மாவாட்டம் ஆனே? தம்பி, எல்லா சத்தையும் நீங்களே உறிஞ்சிட்டீங்களா?"

நாக்கு சிரித்து மழுப்பினார். அக்கா விளையாட்டாகத் தங்கையின் காலைத் தொட்டாள். விரல் அமுங்கிய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது. "கிளம்பு. இப்பவே கிளம்பு" என்றாள்.

மருத்துவமனையில் பார்த்தவர் நடுவயதுப் பெண் டாக்டர், நிதானமானவர். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. இரத்தம் குறைவாக இருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சாப்பிடறீங்க?"

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். வெளியில காசு குடுத்து ஒண்ணும் வாங்கித் தின்ன மாட்டேன். சும்மா எப்பவாவது ஏதாவது கொறிப்பேன்."

அவள் பொய் சொல்லவில்லை. காசு கொடுத்து அவள் வாங்கியதே இல்லை. எவ்வளவு கொறிக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியாது. கவனித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

நாக்கு மென்று முழுங்கினார். "வேலை ஜாஸ்தி டாக்டர் இவளுக்கு" என்று மட்டும் வந்தது.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். வீட்டுச் சாப்பாட்டில் இத்தனை உப்பு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எதற்கும் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்துவிடலாம் என்று அடுத்த வாரத்தில் ஒரு நாள் குறித்தார்.

திரும்பும் வழியில் பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "புத்துநோய்னு சந்தேகப்படறாங்களோ?"

"சேச்சே, அதெல்லாம் இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று அவரால் சொல்ல முடிந்திருக்கும். சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கச் சொல்லவில்லை. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பார்; பல் தேய்ப்பதற்குள் மனசு பின்வாங்கிவிடும். பை கொண்டுவருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். "ஆலையில இப்ப யாருக்கும் தர்றதில்ல" என்றார். அதுவும் பொய்தான்.

மனைவி தன்பாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். வந்திருந்த துணிகளை அவசரமாக முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். புதிதாக எதையும் வாங்கவில்லை. சமையலறைக்கு அவரைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, காயை இவ்வளவு தண்ணியில வேகவச்சாப் போதும். நீங்க பாட்டுக்குக் குளம் கட்டாதீங்க" என்று காட்டினாள். போர்வை எந்த அலமாரியில், குளிர் வந்தால் போடும் சட்டை எந்தப் பெட்டியில், பீரோவின் சாவி எந்த டப்பாவுக்குள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "எல்லாத்துக்கும் மாடு மாதிரித் தலையாட்டினா எப்படி? எங்கே, சாவி எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்றாள். சொன்னார். "பரவாயில்ல, பொழச்சுக்குவீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதும் அவர் வாய் திறக்கவில்லை. வெட்கம் என்பது அத்தனை கனமாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

குழாய் விடுவதற்கு இரண்டு நாள் முன்பு, மாலையில், செருப்பைக் கழற்றும்போதே கேட்டது. டக்.

மனைவி மெஷின் முன்னால் இருந்தாள். மடியில் தன் துணி ஏதோ ஒன்று. பக்கத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பாக்கெட். தெருமுனைக் கடையில் சரமாகத் தொங்கும் எலுமிச்சை மிளகு.

"வந்துட்டீங்களா? திட்டாதீங்க. வாழ்க்கையில மொத தடவையா காசு குடுத்து வாங்கியிருக்கேன். நாலு நாளா வாய் நமநமங்குது, யார் மேலயாவது பாயலாம்னு இருக்கு. போற உயிர், தின்னுட்டுத்தான் போகட்டுமே!" கிளிப்பால் இன்னொன்றைக் கவ்வினாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க பேரில்லாத பையில கொண்டாருவீங்களே, அதே ருசிங்க. எவன் செஞ்சானோ, என் நாக்கை அளந்து பாத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

நாக்கு கதவருகிலேயே நின்றார்.

"அளந்துதான் செஞ்சேன்" என்றார்.

"என்னது?"

சொன்னார். முன்னும் பின்னுமாக, நடுவிலிருந்து தொடங்கி, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னார். வெளியாட்களை நிறுத்தியது, முதல் பை, பக்கத்து அறை நாற்காலி, கிளிப் சத்தம், அது நெருங்கினால் என்ன பொருள், அருகினால் என்ன பொருள், எல்லாவற்றையும்.

மனைவி கிளிப்பைக் கீழே வைக்கவில்லை. அதன் வாய் திறந்தபடியே விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"அப்ப, சாயங்காலம் சாயங்காலம் நீங்க பேப்பர் படிக்கல."

"இல்ல."

"ரேடியோவை அமத்துவீங்களே?"

"சத்தம் சரியாக் கேக்கணும்னுதான்."

"நான் வேற நினைச்சிட்டிருந்தேங்க. இந்த மனுஷனுக்குப் பேசத் தெரியாது, ஆனா நான் தைக்கிற சத்தம் இல்லாம பொழுது போகாது, அதான் ரேடியோவைக்கூட நிறுத்திட்டுப் பக்கத்துல வந்து உக்காந்துக்கறாருன்னு. அக்காகிட்ட சொல்லிப் பீத்திக்கிட்டேன். அவ புருஷன் வீட்டுலயே தங்க மாட்டாரு. 'நீ குடுத்து வச்சவடி'ன்னு அவ அழுதா."

நாக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க. எனக்கு எரியுதுன்னு சொன்னேனே. பாதியில மடிச்சு வச்சேனே. அப்ப என்ன பண்ணீங்க?"

"பொடி சரியில்லன்னு நினைச்சேன்."

"நினைச்சு?"

"புளிப்பைக் கூட்டினேன்." கொஞ்சம் பொறுத்து, "உப்பையும்" என்றார்.

"டாக்டர் உங்களைப் பாத்துக் கேட்டாங்க."

"ஆமா."

"பேருந்துல நான் கேட்டேன்."

"ஆமா."

"பீரோ சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குப் பாடம் எடுத்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல? நான் செத்துப் போறேன்னு நினைச்சு ஒரு வாரமா வீட்டை ஒழுங்கு பண்ணிட்டிருக்கேன். நீங்க நின்னு தலையாட்டிட்டிருந்தீங்க."

அவள் அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மடியிலிருந்த துணியை மடித்து, மெஷினுக்கு உறை போட்டுவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். அன்று அவருக்கான காய் வழக்கம்போல் வெந்து, தட்டில் வந்தது. அவரால் ஒரு வாய் இறக்க முடியவில்லை.

குறித்த நாளில் போனார்கள். இம்முறை மனைவியே எல்லாவற்றையும் சொன்னாள், பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோல. டாக்டர் இடையில் பேசாமல் கேட்டார். குழாய் விட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போடவில்லை. உள்ளே கட்டி எதுவும் இல்லை. வயிற்றின் உட்சுவர் சிவந்து, இரண்டு இடங்களில் புண்ணாகி இருந்தது.

"பயப்படும்படி இல்ல. ஆனா விளையாட்டும் இல்ல" என்றார் டாக்டர். "வயிறு கெட்டா அது வயித்தோட நிக்காதும்மா. நார் இல்லாததைத் தின்னா குடல் நகராது. இரும்புச்சத்து உள்ள சாப்பாடு போகலைன்னா இரத்தம் ஊறாது, அசதி வரும். உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், அழுத்தத்தை ஏத்தும். நெஞ்சு எரிஞ்சா தூக்கம் போகும், தூக்கம் போனா மறுநாள் இன்னும் உப்பும் இனிப்பும் கேக்கும். நீங்க சோம்பேறியும் இல்ல, வயசும் ஆயிடல. உங்க உடம்புக்குச் சாப்பாடே போகல, அவ்வளவுதான்."

பிறகு அவர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சார் சாப்பிடுவீங்க?"

"வேகவச்ச காய், பருப்பு, பழம்..."

"யார் சமைக்கிறது?"

"இவதான்."

டாக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். அவர் ஏதாவது திட்டியிருக்கலாம் என்று நாக்கு நினைத்தார்.

ஆலையில் மேலாளரைப் பார்த்துப் பேசினார். எலுமிச்சை மிளகின் அளவு தப்பு, தான் பார்த்த சோதனையே தப்பு, குறைக்க வேண்டும் என்றார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "விக்கிறதுல கை வைக்கச் சொல்றீங்களே சார்! உங்க வீட்டம்மாவுக்கு ஒத்துக்கல. அதுக்கு ஊரு என்ன பண்ணும்?" ஊருக்கும் அதே வயிறுதான் என்று நாக்கு சொன்னார். மேலாளர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வேலையை உதற வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. கிழங்கு வந்து இறங்கும் முற்றத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். பச்சை ஏறியது, அழுகியது, முளைத்தது என்று பொறுக்கித் தள்ளும் வேலை. நாக்குக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பச்சையும் மஞ்சளுமான சரம் தெருமுனையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கடைவாசலில் பாக்கெட்டைப் பிரித்து ஒருவன் கையை விட்டுவிட்டு எடுப்பதைக் கண்டால், அவன் கை அடுத்த முறை எப்போது போகும் என்று அவருக்குச் சொல்லத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப்போவார்.

வீட்டில் மனைவி ஒரு சட்டம் போட்டாள். "நான் சாப்பிடும்போது நீங்க இந்த ரூம்லயும் இருக்கக் கூடாது, பக்கத்து ரூம்லயும் இருக்கக் கூடாது. என் வாய்ச் சத்தம் உங்க காதுல விழக் கூடாது. நான் உங்க சாம்பிள் இல்ல."

அவளுக்கும் சேர்த்துக் காய் நறுக்கி, வேகவைத்து, மேசையில் வைத்து மூடிவிட்டு அவர் வெளியே போய்விடுவார். தெருவின் கோடிவரை நடந்து திரும்பி வருவார். தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். தின்றாளா, எவ்வளவு தின்றாள், உப்பில்லாமல் இறங்கியதா, ஒன்றும் தெரியாது. குப்பைக் கூடையைத் திறந்து பார்க்கக் கை ஒருமுறை போயிற்று, பார்க்காமல் மூடிவிட்டார்.

முதல் வாரங்களில் அவள் எரிந்து விழுந்தாள். கதவுகள் சாத்தப்பட்ட வேகத்தில் சுவரில் மாட்டிய படங்கள் ஆடின. பிறகு அது மெல்லத் தணிந்தது. மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு மாலை, அக்கா வாசலில் வந்து நின்று, "என்னடி, செருப்பு போட்டாச்சா?" என்று குரல் கொடுத்தாள். இருவரும் பூங்காப் பக்கம் போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நாக்கு வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். போனது, வந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. தைப்பதும் தொடங்கியாயிற்று, ஆனால் மெஷின் ஓடத் தொடங்கியதும் ரேடியோவைப் போட வேண்டும், உரக்கப் போட வேண்டும் என்று உத்தரவு. போட்டார்.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. முறை வந்து பெயர் கூப்பிட்டதும் இருவரும் எழுந்தார்கள்.

"நீங்க வெளியில இருங்க" என்றாள் மனைவி.

அவர் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு முழுக்க மூடாமல் விரல் அகலம் திறந்து நின்றது. டாக்டரின் குரல் ஏதோ கேட்டது. மனைவி பதில் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் குரலில் பழைய அசதி இல்லை, கொஞ்சம் தெளிவு வந்திருந்ததாகப் பட்டது. அழுத்தம் இறங்கியதா, இரத்தம் ஏறியதா, இரவில் தூங்குகிறாளா, எல்லாம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் கேட்டுவிடலாம். கழுத்து தானாக அந்தப் பக்கம் சாய்வது அவருக்கே தெரிந்தது.

எழுந்தார். நீளமான தாழ்வாரத்தைத் தாண்டி, மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி, வாசலுக்கு வெளியே போய் நின்றார். பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின. அந்த இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துவிட்டு நின்றார்.

மனைவி தேடிக்கொண்டு வந்தாள். கையில் புதுச் சீட்டு. "எங்க போய்த் தொலைஞ்சீங்க? கதவுகிட்டயே இருப்பீங்கன்னு பாத்தேன்."

"இங்க இருந்தேன்."

அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் நின்ற இடத்தையும், ஆஸ்பத்திரிக் கதவு இருக்கும் தூரத்தையும் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீயா சொன்னாத்தான்."

அவள் சீட்டை இரண்டாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இன்னிக்குச் சொல்றதா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். நாக்கு சரி என்று தலையசைத்துவிட்டுப் பின்னால் போனார்.